பக்கத்து நாற்காலிக்காரி

கடலூர் மாவட்டத்திலேயே, பேயோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளை வளர்த்த ஒரே ஆம்பளை நான்தான். அதுவும் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் போட்டு.

சிரிக்காதீர்கள். காட்டுமன்னார்கோயில் – சிதம்பரம் டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். வீராணம் ஏரிக்கரையில் ஏறிய பேய்க்கு டிக்கெட் கிழித்து, ஓரமாக நிற்கச் சொன்னவன். சரி, அதைப் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆன பிறகு நாளைக்கு நாலு பொய்யாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் இது நடந்தது. போன ஐப்பசி மழையில், கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில்.

என் மகள் கயல்விழிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பண்ருட்டிப் பலாவில் நாலு சுளை எடுத்தால் அதுவே இவளைவிடக் கனம். கயல்விழி பிரஷர் ஏறி வேறு வார்டில் கிடந்தாள். மருமகன் ராஜ்கமல் துபாயில். என் மனைவி மங்கலத்துக்கு இருமல். குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் விடவில்லை. மிச்சம் நான்.

அங்கே வீட்டு ஆட்களையே பழக்குகிறார்கள். கை கழுவி, பச்சைக் கவுன் போட்டு, குழந்தையை வெறும் நெஞ்சில் தோலோடு தோல் ஒட்டக் கிடத்தித் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கங்காரு மாதிரி. நம் உடம்புச் சூட்டில்தான் அது தேறும். தலைமை நர்ஸ் ஆரோக்கியம்மாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“இந்தப் புள்ளைங்க தூக்கத்துல மூச்சு வுட மறந்துடும் ஐயா. மறந்துச்சின்னா உள்ளங்கால தேய்க்கணும். எடுத்துக்கும். மூஞ்ச மட்டும் மூடிடாதீங்க.”

“நான் ரெண்டு பெத்தவன் சிஸ்டர்.”

“பெத்தது அவுங்க. நீங்க வெளிய பீடி குடிச்சிட்டு நின்னிருப்பீங்க.”

உண்மைதான். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம். வெளியே விடாத மழை. கங்காரு அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், நெஞ்சில் பேத்தி. மற்றது காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே குழந்தைகள்.

6.10. கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். பச்சைக் கவுன். அவிழ்ந்த தலைமுடி, முழுக்க ஈரம். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊரும்மா?” என்றேன். கண்டக்டர் புத்தி.

“சிதம்பரம்.”

“புள்ள?”

கையை நீட்டினாள். கடைசிப் பெட்டி.

“வாங்கி நெஞ்சுல போட்டுக்க வேண்டியதுதானம்மா?”

“சூடு இல்ல.”

ஏ.சி.யைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஏனென்றால் அறை அப்படிக் குளிர்ந்திருந்தது. என் மீசை ஈர்க்குச்சி மாதிரி விறைத்துவிட்டது. பேத்திக்குக் குளிருமே... நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தேன். துணியை இழுத்து, தலையோடு முகத்தையும் சேர்த்து மூடினேன்.

கண் சொக்கியது.

சொட்... சொட்...

தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவள் தலைமுடியிலிருந்து. தரையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

“மூடாதீங்க.”

அவள் குரல்தான். உதடு அசையவில்லை.

“மூச்சு... இல்ல.”

துணியை விலக்கினேன். பேத்தியின் உதடு நாவற்பழ நிறம். என் நெஞ்சின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சின்ன அசைவு... நின்றிருந்தது.

உள்ளங்கால். தேய்க்க வேண்டும். தெரியும்.

கை வரவில்லை. வாயும் திறக்கவில்லை.

நாற்காலி கிரீச்சிட்டது.

அவள் எழுந்தாள்.

ஒரு கை... என் கவுனுக்குள் வந்தது.

ஐஸ்.

அது என்னைத் தேடவில்லை. பேத்தியின் காலைத் தேடியது.

சர்... சர்... சர்...

ஒன்றுமில்லை.

சர்... சர்...

“ங்ஙே...”

பூனைக்குட்டிச் சத்தம். பேத்தி அழுதாள்.

நாற்காலி காலி.

அதன் பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது. நான் போட்ட கூச்சல் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். ஆரோக்கியம்மாள் ஓடி வந்து குழந்தையை வாங்கிப் பார்த்தார். உதடு சிவந்திருந்தது. மூச்சு ஒழுங்காக இருந்தது.

“அந்தப் பொண்ணு எங்க சிஸ்டர்?”

“எந்தப் பொண்ணு? நீங்க மட்டுந்தான் இருந்தீங்க. ஒக்காந்தபடியே தூங்கிட்டீங்க ஐயா.”

மங்கலம் நம்பினாள். வாட்ச்மேன் நம்பினார். எதிர் டீக்கடையே நம்பியது. ஆரோக்கியம்மாள் மட்டும், “நான் டெய்லி ஜெபம் பண்றவ, எங்கிட்ட இந்தக் கதையெல்லாம் வேணாம்” என்று வாயை அடைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் கடைசிப் பெட்டிக் குழந்தையின் அப்பா வந்தான். எழிலன் என்று பெயர். மொட்டைத் தலை. பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

“சிதம்பரத்துல பொறந்துச்சிங்க. கொழந்தைய மட்டும் ஆம்புலன்ஸ்ல இங்க அனுப்புனாங்க. அவ அங்கயே இருந்தா. ஒரு தடவகூட இவனத் தொடல.” போனில் போட்டோ காட்டினான்.

அவளேதான்.

“எப்பப்பா உசுரு போச்சு?”

“முந்தாநாள் மத்தியானம். மழ வுடல. சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்தல்ல வச்சுத்தான் குளிப்பாட்டுனோம்.”

  அவனைக் கை கழுவ வைத்து, அதே நாற்காலியில் உட்காரவைத்தேன். மகனை அவன் நெஞ்சில் கட்டிவிட்டோம். அந்தப் பையனும் தேறிவிட்டான்.

என் பேத்தி இரண்டு கிலோ தொட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரோக்கியம்மாள் ஆட்டோவரை வந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“இப்பவாச்சும் சொல்லுங்க சிஸ்டர். எல்லாம் என் கனவுதானா?”

அவர் சிரிக்கவில்லை. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்குக் கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணு வந்து நின்னுச்சி ஐயா. கடைசிப் பொட்டிப் புள்ளையோட அம்மான்னுச்சி. நான்தான் கவுன் கட்டிவுட்டேன். உள்ளங்கால எப்படித் தேய்க்கணும்னு, அந்தக் கையப் புடிச்சிச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.”