பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கணக்கு

பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன் நான். தி.நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை. வானத்தைப் பற்றி எழுத இவன் யார் என்று கேட்கலாம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பயந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஆராய்ச்சி மாணவி. சில கேலக்ஸிகளின் நடுவில் பெரிய கருந்துளை இருக்கிறதாம். அதில் போய் விழுகிற பொருள் கொதித்து ஒளிவிடுகிறது. சுற்றியுள்ள தூசி அந்த ஒளியை மறைத்துவிடுகிறது, ஆனால் தானும் சூடாகிறது. அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக வருவதைத் தொலைநோக்கியில் அளந்திருக்கிறார்கள். அதை வைத்துத் தூசி என்ன வடிவில் இருக்கும் என்று இவள் லேப்டாப்பில் கணக்குப் போடுகிறாள்.

“மெதுவடை மாதிரிப்பா. நடு ஓட்டைலதான் எல்லாக் கூத்தும்” என்பாள்.

சரஸ்வதி பூஜை அன்று எங்கள் மயிலாப்பூர் வீட்டில் சண்டை வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. லேப்டாப்பிலோ ஒரு வாரமாகக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நடுவுல நின்னா முதல்லேர்ந்து ஓட்டணும்மா. நாளன்னைக்கு எங்க சார்கிட்ட காட்டணும்.”

“சாமி முன்னாடி ஒரு நாள் வைக்க முடியாதா? ஊர்ல நீ மட்டும்தான் படிக்கிறியா?” என்றாள் என் மனைவி.

கடைசியில் ஓடுகிறபடியே வைப்பது என்று முடிவாயிற்று. சந்தனம், குங்குமம் இட்டு, சுற்றிலும் புத்தகங்களை அடுக்கினோம். மாலையில் இருவரும் ஆழ்வார்பேட்டைக்குக் கொலு பார்க்கக் கிளம்பினார்கள். மகள் முன்னால் படியிறங்கிவிட்டாள். மனைவி மட்டும் திரும்பி வந்து, திரை வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று தன் பட்டுப்புடவையை அதன்மேல் போர்த்தினாள். “தொட்றாதீங்க, சொல்லிட்டேன்” என்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் புடவைக்குள்ளிருந்து இரைச்சல் கிளம்பியது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தொடாமல் கையை மட்டும் பக்கத்தில் நீட்டினேன். அனல் அடித்தது. பக்கத்திலேயே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மனைவியின் போன் சமையலறையில் மணி அடித்தது.

தொட்டால் சாமி குற்றம். தொடாவிட்டால் தீப்பிடிக்கலாம், இல்லை மிஷின் அணைந்து மகளின் உழைப்பு போகலாம். நாளெல்லாம் கடையில் பட்டுப்புடவை விரிக்கிறவன், இந்த ஒன்றை எடுக்க யோசித்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு உருவினேன். புத்தகங்களைத் தள்ளிவைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பினேன். குத்துவிளக்கு பட்டென்று அணைந்தது. அதைத் திரும்ப ஏற்றவும் பயம்.

அவர்கள் வந்ததும் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். “விளக்கையும் அணைச்சாச்சா? ரொம்ப நல்லாருக்கு.”

மகள் நேரே போய்த் திரை முன் குனிந்தாள்.

“ஓடுதுப்பா.”

மறுநாள் பகலில் கணக்கு முடிந்தது. வெறும் வடை வடிவம் தொலைநோக்கியில் அளந்ததோடு பொருந்தவில்லை, அதன் மேலே ஆவி மாதிரியும் தூசி இருக்க வேண்டும் என்று சொல்லி, மகள் திரும்பவும் ஓட விட்டாள்.