மிஷினை நிறுத்திய டாக்டர் ஹசீனா

செவ்வாய்க்கிழமை காலை நான் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வி தொலைபேசியில் அழைத்தார். திருப்பூர் ஸ்கேன் மையத்தில் தொடக்கம் முதல் மிஷினை இயக்கியவர் அவர். "சார், டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். பிறகு அவரே, "நேத்து சாயங்காலங்கூட ஒரு படத்தப் பத்தி எங்கிட்டச் சண்டை போட்டாங்க சார்" என்றார். அழுகைக்கு நடுவில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஹசீனாவை அறிந்தவர்களுக்கு அது விளங்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஊரின் சில மருத்துவமனைகள் கூட்டாக ஓர் எம்.ஆர்.ஐ. மிஷினை வாங்கின. காலையில் நோயாளிகள், பிற்பகலில் ஆராய்ச்சியாளர்கள் என்று ஏற்பாடு. பனியன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கதிரியக்க மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியிருந்த ஹசீனா பொறுப்பேற்றார். வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த நான் தாராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். கோவையிலிருந்து மூன்று குழுக்கள் வரும். யாருக்கு முதல் முறை என்று வாசலிலேயே தகராறு நடக்கும். "மிஷினுக்கு உங்க பட்டமெல்லாம் தெரியாதுங்க, வரிசையில வாங்க" என்று அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவைப்பார்.

அந்த நாட்களின் பரபரப்பை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதுவரை பிணவறை மேசையில் மட்டுமே நாங்கள் முழுதாகப் பார்த்திருந்த மூளை, கத்தி படாமல், உயிரோடு, திரையில் வந்து நின்றது. நல்ல படம் ஒன்று வந்துவிட்டால் ஹசீனாவுக்கு இருப்புக் கொள்ளாது. தரை துடைப்பவரையும் விடமாட்டார். "வாங்க, வந்து பாருங்க. இந்த மடிப்பு எவ்வளவு அழகா இருக்குது பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வருவார்.

மிஷின் பெரிய காந்தம். உடம்பில் இரும்பு இருந்தால் ஆபத்து. வழக்கமான கேள்விகளோடு அவர் தாமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "தைக்கும்போது விரல்ல ஊசி முறிஞ்சிருக்குதுங்களா?" முதலில் இல்லையென்ற ஒரு டெய்லர் அம்மா, பிறகு யோசித்துக் கட்டைவிரலை நீட்டினார். எக்ஸ்ரேயில் ஊசித்துண்டு பளிச்சென்று தெரிந்தது. பரீட்சையில் முதலிடம் வந்தவர்போல ஹசீனா அன்றெல்லாம் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பனியன் துணி பின்னும் நிட்டிங் தொழிலாளர்களோ மிஷினின் கடகட சத்தத்தில் அயர்ந்து தூங்கிவிடுவார்கள். "எங்க ஷெட்டுச் சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலாமுங்க" என்றார் ஒருவர்.

அப்படித் தூங்கி எழுந்து போனவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியர் தம் ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாதவர்களின் மூளையைப் படம் எடுத்துவந்தார். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு பிற்பகல் திரையைப் பார்த்த ஹசீனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூளையை ஒட்டி ஒரு கட்டி.

"இவரு யாருங்க சார்? உடனே கூப்பிடணும்" என்றார்.

"பெயரை யாருக்கும் சொல்லமாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். நெறிமுறைக் குழுவில வச்சுத்தான் முடிவெடுக்கணும்" என்றார் பேராசிரியர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் குழு கூடப் பல வாரங்கள் ஆகும்.

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. அவருகிட்டச் சொல்லியாச்சுங்கற வரைக்கும் இங்க ஆராய்ச்சி நடக்காதுங்க. காலையில நோயாளிங்களுக்கு மட்டும்தான் மிஷின்."

நாங்கள் எல்லோரும் ஆடிப்போனோம். ஆராய்ச்சிக் குழுக்கள் கட்டும் பணம் நின்றால் மையத்தையே நடத்த முடியாது. பங்காளி மருத்துவமனைகளிலிருந்து மாற்றி மாற்றித் தொலைபேசி வந்தது. அவர் அசையவில்லை. மறுநாள் மதியம் பேராசிரியரே ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். முதலிபாளையத்து நிட்டிங் ஆபரேட்டர் சண்முகம். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே டாக்டரம்மா?"

"அதானுங்க நல்ல காலம். வலி வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டோம். இங்க வாங்க, நீங்களே பாருங்க" என்று அவரைத் திரைக்கு முன் உட்காரவைத்தார்.

கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தபோது நாங்கள் அத்தனை பேரும் திரைக்கு முன் முண்டியடித்தோம். கட்டி இருந்த இடம் சுத்தமாக இருந்தது. பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார். அதற்குப் பிறகு, "ஏதாச்சும் தெரிஞ்சா உங்ககிட்டச் சொல்லலாமுங்களா?" என்று கேட்காமல் எந்தக் குழுவும் யாரையும் உள்ளே படுக்கவைத்ததில்லை.

அடக்கத்தன்று சண்முகம் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. "எங்க ஊட்டுல எல்லாருக்கும் அவிங்க போட்டோவக் காட்டி வெச்சிருக்கறனுங்க" என்றார்.

இப்போது நான் தினமும் எத்தனையோ படங்களைப் பார்க்கிறேன். எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால், அறிக்கை எழுதுவதற்கு முன்பே கை தொலைபேசிக்குப் போய்விடுகிறது. டாக்டர் ஹசீனாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த அவசரம்.