ஆட்டக் கூடாத தலை

முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவனுக்கு வாய் பழகாது, கழுத்துதான் பழகும். துரை எதைக் கேட்டாலும் உடனே தலையாட்ட வேண்டும். கேட்டது விளங்கியதா என்பதெல்லாம் அப்புறம்.

அந்தக் கழுத்தோடுதான் பதுளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மூன்று வாரமாக விடாத காய்ச்சல். இதய வால்வில் கிருமி பிடித்திருக்கிறது, அது வாயில் குடியிருக்கிற சாதிக் கிருமி, அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் ஊசியை நிறுத்தியதும் திரும்ப வந்து உயிருக்கே உலை வைக்கும் என்றார் டாக்டரம்மா. என் பல்லையா சந்தேகப்படுவது என்று எனக்குக் கோபம் வந்தது. ஹாலிஎலப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சோடா மூடியைப் பல்லாலேயே திறப்பவன் நான். ஒரு நாள் வலித்ததில்லை.

ஆனாலும் பல் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டார்கள். நின்றபடி ஒரு குச்சியைக் கடித்துக்கொள்ள வேண்டும். மெஷின் நம் தலையை வலம் வரும். படம் எடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெஷின் சுற்றத் தொடங்கியதும், "ஐயா, தலைய ஆட்டக்கூடாது. விளங்கிச்சோ?" என்றார்.

நன்றாகவே ஆட்டினேன்.

படத்தைப் பார்த்தவர், "ஐயாவுக்கு என்ன, அறுபத்துநாலு பல்லோ?" என்று கேட்டார்.

இரண்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிச் சுற்றில் அந்த மனிதர், "அப்பிடியே நில்லுங்கோ, சரியோ?" என்று கேட்டுத் தொலைத்தார்.

வாசலில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அவருகிட்ட ஒன்னும் கேக்காதீங்க தம்பி. கேட்டா ஆட்டத்தான் செய்வாரு. வீட்டுலயும் இதே கூத்துதாங்க."

மூன்றாம் முறை எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். படம் சரியாக விழுந்தது.

பல் டாக்டர் அதில் ஒரு வேரின் அடியைத் தொட்டுக் காட்டினார். பட்டாணி அளவில் கறுப்பாகச் சீழ்க்கட்டு. வலிக்காமலே பல மாதம் இருந்திருக்கிறது. அது என் சோடாப் பல்லேதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதப் புடுங்கினாத்தாங்க இதயத்தக் காப்பாத்தலாம். புடுங்கிடுவோமா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் தலை அசையவில்லை.

பின்னால் நின்ற என் மனைவி இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கத்தான் இருந்தேன். ஆனால் அவளுடைய கைகள் நடுங்குவது காதோரம் தெரிந்தது. அதற்குப் பிறகு நானாகவே ஆட்டினேன்.