ஐந்து துண்டுத் தொப்பி

கடலில் நிற்கிறவனுக்குத் தொப்பி வெயிலை மறைத்தால் போதும். முப்பது வருடம் தலையில் போட்டும் அதன் உட்பக்கத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது என் மனைவியின் நோய். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி முழுக்கக் கொட்டியபின் அவள் மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முக்காடு போட்டால் வழுக்கி விழுந்தது. ஊசி குத்தவும் முடி இல்லை. தன் மொட்டைத் தலையை ஒருவரும் பாராமல் ஒரு ஞாயிறு பூசை காண வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

மன்னார் பஜாரில் முதலில் வாங்கியது ஆறு துண்டுத் தொப்பி, ஆறு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. முன்பக்கத்துக்கு உள்ளே விறைப்புத் துணி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். நெற்றிக்கு நடுவே ஓடிய தையல் அவள் தோலை உரசிச் சிவப்பாக்கியது. உச்சியிலிருந்த பொத்தான் வேறு குத்தியது. அடுத்தது பின்பக்கம் வலை வைத்தது. நல்ல காற்றோட்டம் என்று பெருமையாகக் கொடுத்தேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்துவிட்டு, "வலைக்குள்ளால மண்டை தெரியுது. நான் என்ன மீனே?" என்றாள். மூன்றாவது தொப்பியில் அளவைக் கூட்டிக் குறைக்கிற பட்டியே இல்லை, ஒரே அளவு; காதில் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் என்னைக் கண்டாலே தொப்பிகளை எடுத்துப் பரப்பத் தொடங்கினார்.

கடைசியில் ஐந்து துண்டு. முன்பக்கம் ஒரே துணி, நடுத் தையல் கிடையாது, விறைப்பும் இல்லை, பின்னால் ஒட்டுகிற பட்டி. உச்சிப் பொத்தானைக் குறட்டால் பிடுங்கி எறிந்தேன். போட்டுப் பார்த்து, "ஓம், இது சரி" என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

ஞாயிறு கோயிலில் அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால், பெண்கள் பக்கம் விடாமல் ஆண்கள் பக்கம் கடைசி வாங்குப் பலகையில் என்னோடு இருத்தினேன். தோளைச் சுற்றிச் சால்வை போர்த்தியிருந்தாள். பிரசங்கம் முடிய, கோயில் மூப்பர் பின்னால் வந்து அவள் தோளைத் தட்டினார்.

"தம்பி, கோயிலுக்குள்ள தொப்பி போடக் கூடாது. கழட்டுங்கோ."

கோபம் பொத்துக்கொண்டு வந்து எழும்பினேன். அதற்குள் அவள் கழட்டிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் வெலவெலத்துப் போய், "ஐயோ பிள்ளை, போடுங்கோ, போடுங்கோ" என்றார். அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். முன் வாங்கிலிருந்தவர்கள் திரும்பினார்கள். நான் அவசர அவசரமாக அதை எடுத்து அவள் தலையில் வைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"உங்களுக்கு வெக்கமெண்டால் வெளியில போய் நில்லுங்கோ."

வெட்கம் எனக்குத்தான் இருந்தது. தொப்பியை என் மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தேன்.