பேர் வைக்கிற அன்னைக்கு ஸ்டார்ட் ஆகாத கார்

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

அவ்ளோதான். செல்ஃப் சுத்துது, என்ஜின் எடுக்க மாட்டேங்குது.

விஜயதசமி, காலையில ஆறு மணி. உத்திரமேரூர்ல ஒரு ரைஸ் மில் முதலாளியோட கார் ஷெட். நான் அவர் டிரைவர், வயசு இருபத்தஞ்சு. எண்பதுகளோட ஆரம்பம்னு வெச்சுக்கோங்க.

அன்னைக்குன்னு பார்த்தா அது மக்கர் பண்ணணும்? என் பொண்ணுக்கு அன்னைக்குதான் பேர் வைக்கிறாங்க. பொண்டாட்டி பிரசவத்துக்குப் போன அம்மா வீடு பழையசீவரம் பக்கம். பத்தரைக்குள்ள நல்ல நேரம். எங்க வழக்கத்துல அப்பன்தான் கொழந்தை காதுல பேரைச் சொல்லணும். அதுவரைக்கும் அதை வெளியில விடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருந்தாங்க. அதனால பொண்டாட்டிகிட்ட கூட நான் சொல்லல.

பொறந்த அன்னைக்கு ஒரு தடவை பார்த்ததோட சரி. ஷெட்டை ஒட்டின ரூம்ல தனியா படுத்துக்கிட்டு, அந்தப் பேரை நெனச்சு நெனச்சே ஒரு மாசத்தை ஓட்டினேன்.

முதலாளி நல்ல மனுஷன். முந்தின நாள் குடும்பத்தோட அவர் மச்சான் கார்ல மெட்ராஸ் கிளம்பும்போது, "வண்டிக்கு நீயே பூச போட்டுட்றா. நாளைக்கு இதுலயே போய் பொண்ணுக்குப் பேரு வெச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டுப் போனார்.

மாமியார் வீட்டு வாசல்ல கார்ல போய் எறங்கணும்! நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க...

பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி? லைட் பளிச்னு எரியுது, ஹாரன் அலறுது. பெட்ரோல்? கார்புரேட்டர் பைப்பைக் கழட்டிட்டு பம்ப்பைக் கையால அடிச்சா பீச்சி அடிக்குது.

அடுத்தது கரண்ட். பிளக் வயரை பாடிகிட்ட வெச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சா பொறி வரணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும்... உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன். எனக்கு யாரு இருந்தா? வயரைக் குச்சியில கட்டி நிறுத்திட்டு, உள்ள ஓடிப்போய் சாவியைத் திருப்பி எட்டிப் பார்த்தா பானெட் மறைக்குது! என்னை நெனச்சு எனக்கே சிரிப்பு வந்துச்சு, கூடவே அழுகையும் வந்துச்சு. கடைசியில முன்னாடி நின்னு ஹேண்டிலைப் போட்டு என்ஜினைச் சுத்திக்கிட்டே பார்த்தேன்.

ஒரு பொறி கூட இல்ல.

அப்பதான் ஏழு மணி பஸ் மில் வாசல்ல வந்து நின்னுச்சு. கண்டக்டர் தெரிஞ்சவர். "இன்னாபா, பொண்ணுக்குப் பேரு வெக்கிறியாமே... ஏறலியா?"

"நீ போ நைனா. நான் பின்னாலயே கார்ல வந்துகினு கீறேன்."

அடுத்த பஸ் மத்தியானம்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்.

பொறிக்குக் கரண்டை ஏத்திக் குடுக்கிறது காயில்; டிக்கியில இருந்த ஸ்பேர் காயிலை மாத்தினேன், பிரயோஜனமில்ல. கடைத்தெருவுக்கு ஓடினேன். மெக்கானிக் ஷெட் பூட்டிக் கெடந்துச்சு, பூட்டுக்கும் ஒரு பொட்டு. திரும்பி வந்து ஒவ்வொரு வயரா புடிச்சு இழுத்துப் பார்த்தேன். கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் தொறக்கல. அதை முந்தின நாள்தான் நானே தொறந்து தொடச்சு மூடினேன். நம்ம கை பட்ட எடத்துல கோளாறு இருக்குமா? அவ்ளோ தெனாவட்டு.

பத்து மணிக்கு, வேற வழியே இல்லாம அந்த மூடியைக் கழட்டினேன்.

உள்ள ரெண்டு சின்ன பாயிண்ட் இருக்கும். அது ஒண்ணையொண்ணு தொட்டுத் தொட்டு விலகினாத்தான் பிளக்குக்குப் பொறி போகும். அந்த ரெண்டுக்கும் நடுவுல காய்ஞ்சு போன சந்தனம். அதுமேல குங்குமம்.

வெச்சது நான்தான்.

ஆயுத பூஜை அன்னைக்கு ஷெட்ல நான் மட்டும். பொரி, கடலை எல்லாம் வெச்சுப் படைச்சேன்... எடுத்துக்கோன்னு சொல்லக் கூட ஒரு ஆள் இல்ல. கிண்ணம் நெறைய சந்தனம். பொண்டாட்டி நெத்திக்கு வைக்கணும், பொண்ணு நெத்திக்கு வைக்கணும்னு மனசு அடிச்சுக்குது. யாருக்கு வைக்கிறது? வண்டிக்கு வெச்சேன். ஸ்டீயரிங், டயர், பேட்டரின்னு வெச்சுக்கிட்டே போனேன். உழைக்கிறது எல்லாம் உள்ளதானே இருக்குன்னு அந்த மூடியையும் தொறந்து வெச்சேன்.

எமரி பேப்பரால தேய்ச்சேன். ஒரே செல்ஃப்... எடுத்துக்கிச்சு.

அடிச்சுப் புடிச்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள மணி பதினொண்ணேகால். வாசல்ல பந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொண்டாட்டியோட அண்ணன், பெரிய மச்சான், வந்து கையைப் புடிச்சார்.

"இன்னா மாப்ள பண்றது, நேரம் தாண்டிக்கினு போச்சி. எங்க ஆயா பேரையே நான் காதுல சொல்ட்டேன். லோகம்மா."

தொட்டில் பக்கத்துல பொண்டாட்டி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, "கார் கெட்டா இன்னா... பஸ்ஸு ஓடலியா?"ன்னா.

என்ன கோளாறுன்னு எல்லாரும் கேட்டாங்க. காயில் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

இப்ப லோகு புனேல இருக்கா. அவ கார்ல சாவியே கெடையாது, பட்டன்தான். எங்க கோளாறுன்னு வண்டியே ஸ்கிரீன்ல எழுதிக் காட்டுதாம். அவ அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. நான் இங்க சமைச்சா உண்டு, இல்லன்னா ஹோட்டல்.

போன வாரம் போன்ல திடீர்னு கேட்டா. "அப்பா, மாமா முந்திக்கினாராமே... நீ இன்னா பேருப்பா வெச்சிருந்த எனக்கு?"

"அத்தெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா"ன்னு சொன்னேன்.

மறக்கல. ஆனா லோகம்மாங்கிற பேர்லயே படிச்சு, வேலைக்குப் போய், ரெண்டு புள்ளைங்களையும் வளர்த்துட்டா. நான் வெச்சிருந்த பேர்ல பொண்ணு யாருமே இல்ல. யாரைக் கூப்பிடுறதுக்கு அதை நான் வெளியில சொல்லணும்?