வண்டலூர் தாண்டியதும் நின்ற எண்கள்

அப்போது நான் எம்.இ. இரண்டாம் வருடம். சாலையில் ஓடும் வண்டிகள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொண்டால் அந்த வலை எப்படி உருவாகும், எங்கே அறுந்துபோகும் என்று கணினியில் மாதிரி செய்வதுதான் என் புராஜெக்ட். திரையில் வண்டிகள் எல்லாம் வெறும் புள்ளிகள். இரண்டு புள்ளிகள் நெருங்கினால் நடுவே ஒரு கோடு விழும், விலகினால் மறையும்.

"நிஜ ரோட்ல ஓட்டிப் பாத்தியாம்மா?" என்று கைடு கேட்டார். பார்த்ததில்லை.

அதனால் ஒரு சனிக்கிழமை காலை தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்பினோம். முன்னால் அண்ணன் ஓட்டிய வேனில் நான். பின்னால் காரில் என் வகுப்புத் தோழி; அவள் அப்பா ஓட்டினார். வரமாட்டேன் என்றவளை நான்தான் கெஞ்சி அழைத்திருந்தேன். இருவர் மடியிலும் லேப்டாப். அவளுடையது நொடிக்கு ஓர் எண்ணை அனுப்பும். வந்து சேர்ந்தால் என் திரையில் தெரியும்.

பெருங்களத்தூர் வரை எண்கள் ஒழுங்காக வந்தன. வண்டலூர் தாண்டியதும் நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி முழுக்க ஒரு கன்டெய்னர் லாரி. அது மறைக்கிறது என்று நோட்டில் குறித்தேன். லாரி எங்களை முந்திப் போன பிறகும் காரைக் காணோம். அவள் செல்லுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திக் காத்திருந்தோம். பைக்கில் வந்து இறங்கிய ஒருவர் கடைக்காரரிடம், "அங்க ஒரு காரு லாரி பின்னால சொருகிகினு கீது. பாக்கவே முடியல," என்றார்.

"என்ன கலர் கார்ண்ணா?" என்று அண்ணன் கேட்டான்.

"வெள்ளை."

அவர்கள் காரும் வெள்ளை.

ஊரப்பாக்கம் போய்த்தான் திரும்ப முடிந்தது. வாகனங்கள் ஊர்ந்தன. திடீரென்று என் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"வந்துடுச்சு பாரு! ஒண்ணும் ஆகியிருக்காது," என்றான் அண்ணன்.

ஆனால் அந்த புரோகிராமை எழுதியவள் நான். யாரும் தொடாவிட்டாலும் பேட்டரி தீரும்வரை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். காருக்குள் இருப்பவர்களுக்கு என்ன ஆனாலும் அதற்குத் தெரியாது. அடுத்தடுத்து எண் ஏற ஏற அவள் செல்லுக்கு மறுபடி மறுபடி அடித்தேன்.

கூட்டத்துக்கு நடுவே முன்பக்கம் நசுங்கிய வெள்ளைக் கார் தெரிந்தது. அவர்களுடையது அல்ல. நாலு வண்டிக்குப் பின்னால் அவர்கள் கார் ஓரமாக நின்றிருந்தது. அதன் பக்கத்தில் அவள் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ப் பிடித்தேன். என் மணிக்கட்டில் நகம் பதிய இறுக்கினாள்.

"எங்க கண்ணு முன்னாடியேடி..."

அடிபட்டவர்களைத் தூக்கிவிட்டு வந்த அவள் அப்பாவின் சட்டையெல்லாம் ரத்தம். "போதும்மா. வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அதன்பின் இன்னொரு ஓட்டத்துக்கு அவளை நான் கூப்பிடவில்லை. அந்த ஒரு காலையின் எண்களோடு அறிக்கையை முடித்தேன். வைவாவில் தேர்வாளர் வரைபடத்திலிருந்த நீண்ட இடைவெளியைத் தொட்டு, "இங்க என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பின்னால வந்த வண்டி நின்னுடுச்சு, சார்."

தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.