மகத்துக்கு வடக்கே ஒரு நட்சத்திரம்

என் அக்கா ஞானசெல்வி இருள் பொருளைத் தேடியது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அப்பா ஜெயசிங்கின் சிமெண்ட் கடை மாடியில் இருந்துகொண்டுதான். தொலைநோக்கி எங்கே என்று யாராவது கேட்டால் அப்பாவுக்குச் சங்கடம். அது எங்கோ ஒரு மலைமேல் நின்றது. அக்காவிடம் இருந்தது ஒரு லேப்டாப்.

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிட்டி தேடுவ?" என்று சாப்பிடும்போது அப்பா கேட்பார்.

"இருள் பொருளோட துகள் ரெண்டு முட்டிக்கிட்டா காமா கதிர் வரலாம்னு ஒரு கணக்குப்பா. கதிர் தரைக்கு வராது. மேல காத்துல மோதி நீலமா ஒரு மின்னு மின்னும். அதத் தொலைநோக்கி பிடிச்சிரும்."

"வரலாமா, வருமா?"

"அதத்தான தேடுதேன்."

அவள் ஆராய்ந்தது மகம் நட்சத்திரத்தின் திசையில் உள்ள ஒரு குட்டி விண்மீன் மண்டலம். அங்கே நட்சத்திரங்கள் கொஞ்சம், இருள் பொருள் நிறைய. வானில் எல்லாப் பக்கமும் இந்த மின்னல்கள் வந்துகொண்டே இருக்கும். அதனால் மண்டலத்தின் பக்கம் வருவதையும், அருகே வெற்று வானத்தில் வருவதையும் தனித்தனியே எண்ணுவார்கள். மண்டலத்தின் பக்கம் கூடுதலாக இருந்தால் அதுதான் சேதி.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில் கூடுதலாக வந்தது.

"யார்ட்டயும் சொல்லாதீங்க," என்றாள் அக்கா. கண்டுபிடித்தவரே அது தப்பு என்று நிரூபிக்க முதலில் முட்டிமோதிப் பார்க்க வேண்டும். அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக் குழுவில் அப்படி ஒரு வழக்கம். அதற்குப் பிறகும் நின்றால் திங்கட்கிழமை கூட்டத்தில் காட்டலாம், வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது.

அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். "அண்டத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்த எங்கள் அன்பு மகள்" என்று கடை வாசலில் அக்கா கைகூப்பி நின்றாள். எதிர் டீக்கடை ஷேக் ஃபரீத் வந்து நிதானமாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாப்பா எந்த வார்டுல நிக்குது?"

ஞாயிறு கோவிலுக்குப் போய் வந்ததும் அக்கா வெற்று வானத்துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு துண்டில் மட்டும் மின்னல் குறைவு. அதற்குள் ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருந்தது. அதன் ஒளி தாங்காது என்று தொலைநோக்கியின் கேமரா அந்தப் பக்கத்துக் கண்களை மட்டும் மூடிக்கொண்டிருக்கிறது. மூடிய கண்ணில் மின்னல் எப்படி விழும்? அதைக் கணக்கில் சேர்க்க அவள் மறந்துவிட்டாள். மண்டலத்தில் எதுவும் கூடவில்லை; வெற்று வானத்தில் குறைந்திருந்தது.

இருட்டியதும் எங்களை மொட்டைமாடிக்கு இழுத்துப்போனாள். "அந்தா மகம். அதுக்கு வடக்க பாருங்க. அவந்தான்."

அப்பா கழுத்து வலிக்கப் பார்த்தார். "இந்தப் பொடிப்பயலா எம் ஃபிளெக்ஸக் கெடுத்தான்?"

அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, யாருக்குத் தெரியப் போவுது? பேசாம இரேன்."

"மொட்டமாடில ஏறுனா எவனுக்கும் தெரியுதேப்பா!"

திங்கட்கிழமை அவளே தன் கணக்கை உடைத்துக் காட்டினாள். குழு சிரித்துவிட்டு, ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்தது: அங்கே சேதி ஏதும் இல்லை என்பதைச் சரியாகக் கணக்கிட்டு எழுது என்று.

"இல்லன்னு சொல்லவா ஒரு வருஷம்?" என்றார் அப்பா.

"அங்கன இல்லன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவன் வேற எடம் பாப்பான்."

அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. அதில் முதல் பெயர் அவளுடையது. அந்த மழைக்காலத்திலேயே ஒரு காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

ஃபிளெக்ஸ் இப்போது கிடங்கில் சிமெண்ட் மூட்டைகளை மூடியிருக்கிறது. தூறல் விழுந்தால் அப்பாவே போய் ஓரங்களைச் செருகிவிட்டு வருவார். நேற்று மூட்டை எடுக்க வந்த ஒருவர் அதைத் தூக்கிப் படித்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பா என்னத்தக் கண்டுபிடிச்சுது அண்ணாச்சி?"

"அங்கன இல்லன்னு கண்டுபிடிச்சா வே," என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "ஒமக்கு எத்தன மூட்ட வேணும்?"